கையில் ஒரு திட்டத்தோடு போவோம்!



ஆண்டு மலருக்குக் கவிதை தருகிறாயா, கட்டுரை தருகிறாயா என்று சங்கச் செயலாளர் கேட்டார். கவிதைக்கு நம் கல்லூரியில் பஞ்சமே இல்லை. சிவில் பிரிவில் மட்டும் பதினோரு கவிஞர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி! ஆகவே எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு அபிப்பிராயத்தை எழுதித் தருகிறேன் என்றேன். சீனியர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆசிரியர்களில் சிலருக்கும் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை.

அபிப்பிராயம் இதுதான். நாம் இன்டர்வியூவுக்குப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். அது போதாது. அந்த வேலையில் சேர்ந்தால் முதலில் என்ன செய்வேன், பிறகு என்ன செய்வேன் என்று ஒரு திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய பதவிக்குப் போகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நாமும் இப்போதிருந்தே பழக வேண்டும்.

"என்னப்பா, டிப்ளமோ முடிச்சவனுக்கு எதுக்குத் திட்டமெல்லாம்? ஷிப்ட்டுக்குப் போனோமா, வந்தோமான்னு இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நம் கல்லூரியில் மின்னியல் டிப்ளமோ படித்துப் போன ஓர் அக்கா, பழைய மாணவர் சந்திப்புக்கு வந்திருந்தார். (பேரைப் போடாதே கண்ணு என்று சொல்லிவிட்டார், போடவில்லை.) சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் போனை எடுத்துப் பதில் சொல்லும் சப்போர்ட் வேலையில் சேர்ந்தவர். அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கி, பத்து வருடம் உழைத்து, இப்போது வேறொரு கம்பெனியில் கஸ்டமர் சக்சஸ் பிரிவுக்கே தலைமைப் பொறுப்புக்குப் போயிருக்கிறார். அந்த இன்டர்வியூவில் அவரிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று யாரும் கேட்கவில்லையாம். ஒரு வாரம் முன்னாலேயே மெயில் வந்துவிட்டது. இருபது நிமிடம் தருகிறோம், முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள், ஒரு வருடத்தில் இந்தப் பிரிவை எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள் என்று எங்கள் முன்னால் விளக்குங்கள் என்று.

கஸ்டமர் சக்சஸ் என்றால் என்ன என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழில் வாடிக்கையாளர் வெற்றி என்று சொன்னால் ஏதோ இடைத்தேர்தல் முடிவு மாதிரி இருக்கிறது! விஷயம் எளிமையானது. முன்பெல்லாம் சாப்ட்வேரை ஒரே தடவை காசு கொடுத்து வாங்குவார்கள். வாங்கியவன் அதை உபயோகித்தானா, மூலையில் போட்டானா என்று விற்றவனுக்குக் கவலை இல்லை. 1999-ல் அமெரிக்காவில் சேல்ஸ்ஃபோர்ஸ் தொடங்கிய காலத்தையொட்டி, சாப்ட்வேரை இன்டர்நெட் வழியாகச் சந்தா முறையில் கொடுக்கும் பழக்கம் வளர்ந்தது. நம் ஊரிலும் 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோ, 2010-ல் சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸ் எல்லாம் இந்தச் சந்தா வியாபாரத்தில் வளர்ந்தவைதான். சந்தா என்றால் கேபிள் டி.வி. மாதிரி. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், வாங்கினவனுக்கு அந்தச் சாப்ட்வேரால் நிஜமாகவே பிரயோஜனம் இருக்க வேண்டும். அந்தப் பிரயோஜனம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பிரிவுதான் கஸ்டமர் சக்சஸ். சப்போர்ட்காரர் போன் வரும்வரை காத்திருப்பார். இவர் போன் வருவதற்கு முன்னாலேயே போய் நிற்பார்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் லிப்ட், ஏ.சி., யூ.பி.எஸ். இவற்றுக்கு ஏ.எம்.சி. போடுகிறார்களே, அது வருடா வருடம் ரினியூவல் ஆவது எதனால்? சர்வீஸ்காரர் வந்த லட்சணத்தைப் பார்த்துத்தானே!

இதை அக்கா விளக்கியபோது எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. என் அப்பா பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பா சொல்வார்: "ஒரே மோட்டார் மூணு மாசத்துல ரெண்டு தடவை எரிஞ்சு வந்துச்சுன்னா தப்பு மோட்டார்ல இல்ல கண்ணு, தோட்டத்துல இருக்குது." உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். பார்த்தால் ஃப்யூஸ் கம்பிக்குப் பதில் தடியான செம்புக் கம்பியைப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டரில் ரிலே அடிக்கடி விழுகிறதென்று குச்சியை வைத்து முட்டுக் கொடுத்திருப்பார்கள். மூன்று பேஸில் ஒன்று போயிருக்கும்போது கெப்பாசிட்டர் போட்டு ஓட்டியிருப்பார்கள். காயில் எரியாமல் என்ன செய்யும்? அப்பா அதைச் சரிசெய்து, சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்றையும் மாட்டச் சொல்லிவிட்டு வருவார். "எரிஞ்சா உனக்குத்தானே வருமானம், நீயே போய் எரியாம பண்றியே" என்று பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் அந்தத் தோட்டத்துக்காரர் தன் பங்காளி வீட்டு மோட்டாரையும் மச்சான் வீட்டு மோட்டாரையும் எங்கள் கடைக்கே அனுப்பி வைப்பார். அப்பாவுக்கு ஒரு விசிட்டிங் கார்டு கூடக் கிடையாது. ஆனால் அவர் செய்வது அச்சு அசலாக இந்த வேலைதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

இந்த 90 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? மைக்கேல் வாட்கின்ஸ் என்பவர் புதுப் பொறுப்பேற்கும் மேலாளர்களுக்காக 'தி ஃபர்ஸ்ட் 90 டேஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2003-ல் வந்தது. உலகம் முழுக்க மேனேஜர்கள் படித்தார்கள். முதல் 30 நாள் கேள், அடுத்த 30 நாள் திட்டமிடு, கடைசி 30 நாள் செய்துகாட்டு என்று ஒரு வாய்ப்பாடும் ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போது இன்டர்நெட்டில் தேடினால் படம் போட்டு, அம்புக்குறி போட்டு ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நாற்பது பக்கம் கொடுத்துவிடும். இதில்தான் வம்பே இருக்கிறது என்கிறார் அக்கா.

அவர் என்ன செய்தார் தெரியுமா? திட்டம் எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு மூன்று கேள்வி எழுதிப் போட்டார். மொத்த வாடிக்கையாளர் எத்தனை? பிரிவில் எத்தனை பேர்? அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை பேருக்குச் சந்தா முடிகிறது? பதில் வந்தது. (எண்களை மாற்றித்தான் எழுதுகிறேன், கணக்கு புரிந்தால் போதும்.) வாடிக்கையாளர் 240, ஆட்கள் 6, சந்தா முடியப்போவது 70.

இந்த 70-ஐப் பாருங்கள்! முதல் 30 நாள் சும்மா கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று வாய்ப்பாடு சொல்கிறது. ஆனால் இருபதாம் நாள் சந்தா முடிகிறவன் நீ கேட்டு முடிக்கும்வரை காத்திருப்பானா? ஆகவே அக்காவின் திட்டத்தில் முதல் பக்கத்தில் கொள்கையும் இல்லை, குறிக்கோளும் இல்லை. ஒரு காலண்டர்தான் இருந்தது. எழுபது பேரையும் தேதிவாரியாக வரிசைப்படுத்துவேன், அதில் கடந்த ஒரு மாதமாகச் சாப்ட்வேரைத் திறந்தே பார்க்காதவர்கள் யார் என்று பார்ப்பேன், அவர்களிடம் முதல் வாரமே நானே பேசுவேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவதாக, விட்டுப் போனவர்களைப் பற்றி எழுதியிருந்தார். வாடிக்கையாளர் ஏன் போகிறான்? ஆரம்பத்திலேயே சரியாக அமைத்துக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். வாங்கின மேனேஜர் வேறு வேலைக்குப் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு இது என்னவென்றே தெரியாது. கேட்ட வசதி சாப்ட்வேரில் இருக்காது. விலை கட்டாது. சில சமயம் அவன் கடையையே மூடியிருப்பான். முதல் இரண்டும் இந்தப் பிரிவு சரிசெய்யக்கூடியவை. மூன்றாவதும் நான்காவதும் மற்ற பிரிவுகளோடு பேச வேண்டியவை. கடைசியை ஆண்டவன்தான் பார்க்க வேண்டும். போன வருடம் போனவர்களில் இருபது பேரோடாவது பேசி, எந்தக் காரணம் எத்தனை என்று பிரித்துப் பார்க்காமல், இத்தனை சதவீதம் உயர்த்துவேன் என்று எண் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டார். துணிச்சல்தான்! இன்டர்வியூவில் எண்ணை அள்ளி வீசுகிறவனைத்தான் பிடிக்கும் என்று நாம் நினைக்கிறோம் இல்லையா?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர்தான் போகிறார்கள், பெரிய விஷயம் இல்லை என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் 0.98-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள். வருட முடிவில் நூறு பேரில் 78 பேர்தான் மிச்சம். புதிதாக 22 பேரைப் பிடித்தால்தான் நின்ற இடத்திலேயே நிற்க முடியும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற கதை. இந்தக் கணக்கை நம் கணக்கு வாத்தியார் கூட்டு வட்டியில் சொல்லிக் கொடுத்ததுதான், தலைகீழாக.

மூன்றாவது பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு பேருக்கு 240 என்றால் ஆளுக்கு 40. ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் மாதம் ஒருமுறை பேச வேண்டும் என்று அங்கே வழக்கமாம். பேச ஒரு மணி, அதற்குத் தயார் செய்யவும் குறிப்பு எழுதவும் ஒரு மணி என்றால் 80 மணி நேரம். மாதத்தில் வேலை நேரமே சுமார் 170 மணிதான். பாதி மாதம் சௌக்கியமா என்று கேட்பதிலேயே போய்விடும்! இன்டர்வியூ எடுத்தவர்களில் கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர் குறுக்கே புகுந்து, "எல்லாம் செய்வேன் செய்வேன்னு சொல்றீங்க, எதை நிறுத்துவீங்க?" என்று கேட்டாராம். இந்தப் பக்கத்தைத்தான் அக்கா திருப்பிக் காட்டினார். எல்லாரோடும் மாதா மாதம் பேசுவதை நிறுத்துவேன். பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஆள் நேரே பேசட்டும். சின்னவர்களுக்கு வாரம் ஒரு கூட்டுப் பயிற்சி வகுப்பு, சின்னச் சின்ன வீடியோ, சரியான நேரத்தில் ஒரு மெயில். மிச்சமாகும் நேரம் புதிதாக வாங்கினவர்களுக்கு. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவன் நிஜமாக உபயோகிக்க ஆரம்பிக்கும் நாள் வரை எத்தனை நாள் ஆகிறது, அதைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று பார்ப்பேன் என்றார்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், எதை நிறுத்துவாய் என்ற ஒரு கேள்வியே போதும். ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறவன் அங்கே மாட்டிக்கொள்வான். சொந்தமாக யோசித்தவன் தப்பித்துவிடுவான்.

கடைசிப் பக்கத்தில் கம்பெனி தனக்கு என்ன செய்து தர வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்னொரு ஆள் கேட்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் வசதிகளைப் பற்றிப் பேச, சாப்ட்வேர் எழுதுகிறவர்களோடு மாதம் ஒரு கூட்டம். ரினியூவல் பேச்சு விற்பனைப் பிரிவின் கையிலா தன் பிரிவின் கையிலா என்று முதல் மாதமே ஒரு முடிவு. அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்த விற்பனைப் பிரிவுத் தலைவர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அந்தச் சண்டை எல்லாக் கம்பெனியிலும் உண்டு போல. இன்னொன்றும் சொன்னார். இப்போது இருக்கும் முறை சரியில்லை என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லையாம். "அந்த முறையைக் கொண்டு வந்த ஆளே எதிர்ல உக்காந்திருப்பாரு கண்ணு!"

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அதையும் எழுதிவிட வேண்டும். இதற்கு முன்னால் இன்னொரு கம்பெனி அவரிடம் ஒரு முழு வருடத் திட்டம் கேட்டு, ஒன்றரை மணி நேரம் பேச வைத்து, அந்தக் காகிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒரு பதில் கூடப் போடவில்லை. இது என்ன நியாயம்? பத்து பேரிடம் இப்படி வாங்கினால் பத்து திட்டம் இலவசம்! இந்தப் பழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். திட்டம் கேட்கிற கம்பெனி இருபது நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது. கடைசிக் கட்டத்துக்கு வந்த இரண்டு மூன்று பேரிடம்தான் கேட்க வேண்டும். இல்லை என்றாலும் இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டும். அக்கா இப்போது ஒரு வழி வைத்திருக்கிறார். எப்படி யோசிப்பேன் என்பதைக் காட்டுகிறார். வேலையை முடித்தே கொடுப்பதில்லை. அந்த எழுபது பேரை எப்படிப் பிரிப்பேன் என்று சொல்வார். பிரித்துத் தர மாட்டார்.

இப்போது நம் ஷிப்ட் நண்பருக்கு வருகிறேன்.

நமக்குத் தலைமைப் பதவி கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை, உண்மைதான். நமக்குக் கிடைப்பது ஓராண்டு அப்ரண்டீஸ், இல்லையென்றால் டிரெய்னி. ஆனால் நம் கேம்பஸ் இன்டர்வியூவில் நடப்பது என்ன? ஆப்டிட்யூட் தேர்வில் நாம் எல்லாரும் சமம். பிறகு எச்.ஆர். ரவுண்டு. அங்கே யார் ஜெயிக்கிறார்கள்? கான்வென்ட்டில் படித்து வந்தவர்கள், வீட்டில் அப்பாவோ மாமாவோ ஆபீசில் இருப்பவர்கள். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று இங்கிலீஷில் கேட்டால் அவர்களுக்கு வாய் தானாக வருகிறது. எனக்கு வருவதில்லை. என்னைப் போல வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கும் வருவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று வருடப் படிப்பு அடிபட்டுப் போகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். யூ.பி.எஸ். சர்வீஸ் கம்பெனிக்குப் போகிறேன். கையில் ஒரே ஒரு காகிதம். அதில் ஒரு படம், ஒரு அட்டவணை. முதல் மாதம் சீனியரோடு போய் எந்தெந்தப் பேட்டரி எந்த மாதத்தில் பழுதாகிறது என்று குறித்து வைப்பேன். இரண்டாவது மாதம் எந்த வாடிக்கையாளரிடமிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பேன், அங்கே எர்த்திங், லோடு, பேட்டரி ரூமின் சூடு மூன்றையும் சோதிப்பேன். மூன்றாவது மாதம் எதைத் தனியாக விட்டாலும் செய்வேன். இவ்வளவுதான் திட்டம். இதற்கு எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும்? விரலை வைத்துக் காட்டிக்கொண்டே திக்கித் திணறிச் சொன்னாலும் கேட்கிறவருக்குப் புரியும். பேச்சை அவர் மதிப்பிட மாட்டார், காகிதத்தை மதிப்பிடுவார். நமக்குச் சாதகமான ஆட்டம் அது! கிணற்றடிக்கும் மோட்டார் கடைக்கும் போய் வளர்ந்தவனுக்கு அந்தக் காகிதத்தில் எழுத விஷயம் இருக்கிறது.

காகிதத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்கிற இன்டர்வியூக்காரரும் இருப்பார். இருக்கட்டும். எழுதினவனுக்கு எப்படியும் பேச்சு கொஞ்சம் தெளிவாக வரும்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டே. மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், பழைய மாணவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, நாம் ஆளுக்குப் பத்து நிமிடம் இப்படித் திட்டம் சொல்லிப் பழகலாம். குறுக்குக் கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். தமிழில் சொன்னாலும் சரி என்று விட வேண்டும். முதலில் யோசனை வரட்டும். புராஜெக்ட் வைவாவும் இந்த மாதிரி நடந்தால் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் எல்லாம் ஐந்தாவது நிமிடம் பல்லை இளித்துவிடும். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இன்னொன்று, வேலைவாய்ப்பு அதிகாரி ஐயாவுக்கு. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளிடம் சம்பளம், பாண்ட், ஷிப்ட் எல்லாம் விசாரித்துப் போடுகிறீர்கள்; நன்றி. அதோடு, உங்கள் சர்வீஸ் பிரிவில் இப்போது தலைவலியாக இருக்கும் ஒரு பிரச்சினை என்ன என்று ஒரே ஒரு வரி கேட்டு வாங்கி, ஒரு வாரம் முன்னாலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள் ஐயா. இடமில்லை என்று சொல்ல முடியாது. போன வருடக் கிரிக்கெட் அணித் தேர்வுப் பட்டியல் இன்னும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் தாராளமாக இடம் இருக்கும்.